மூன்றாவது பெயர்

பதிவேட்டின் ஏழாவது கட்டம்:
'திருமுழுக்குக் கொடுத்தவர்.'
அங்கேதான் பேனா நின்றது.

"பாஸ்டர் ஏசுவடியான்," என்றாள் குணசீலி.
"பட்டர்வொர்த். டயர் கடைக்கு மேல்மாடி."
இப்போது எங்கே?
"கட்டட நிதியோடு ஜொகூர் பக்கம் போனதாகப் பேச்சு."

பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து
நீலச் சட்டையோடு நேராக வந்திருந்தாள்.
கன்னத்தில் பாதுகாப்புக் கண்ணாடியின் அச்சு.
வரும் ஞாயிறு முதல் ஓலை வாசிக்க வேண்டும்.
மாப்பிள்ளை எங்கள் பங்குப் பிள்ளை, ஸ்தனிஸ்லாவுஸ்.

பதினான்கு வயதில்
தஞ்சோங் பூங்காக் கடலில் முக்கி எடுத்தார்களாம்.
சான்றிதழ் இல்லை, படம் இல்லை.
"மறுபடியும்னா வேண்டாம் சார்.
அன்னிக்கு நான் பொய்யாவா நனைஞ்சேன்?"

குருமடத்தில் மூன்றாண்டு இருந்து வெளியே வந்தவன் நான்.
மிச்சம் இருப்பது இவ்வளவுதான்:

இதே கேள்விக்கு
கார்த்தேஜில் எண்பத்தேழு ஆயர்கள் கூடினார்கள்.
ஒவ்வொருவராய் எழுந்து சொன்னார்கள்,
திருச்சபைக்கு வெளியே ஊற்றியது வெறும் தண்ணீர்.
அக்கரையில் ரோமை ஆயர் மறுத்தார்:
ஊற்றியது போதும், தலையில் கையை மட்டும் வை.
கடிதங்கள் கப்பலேறின.
தூது போன ஆயர்களுக்கு
ரோமையில் தலைசாய்க்க இடம் கொடுக்கவில்லையாம்.
தீருமுன் ஒருவர் இறந்தார்.
அடுத்த ஆண்டு மற்றவர் கழுத்தில் வாள்.

பிறகு இன்னொரு சண்டை.
துன்பக் காலத்தில் வேதப் புத்தகத்தை
எதிரியிடம் எடுத்துக் கொடுத்த கை,
அந்தக் கை ஊற்றிய நீரும் அழுக்கா?
நூறாண்டு, ஆப்பிரிக்கா இரண்டாய்க் கிழிந்து கிடந்தது.
கட்டட நிதியைத் தூக்கிப் போனவரை
அவர்கள் எந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்?

பங்குத்தந்தை இதெல்லாம் கேட்கவில்லை.
என்ன வார்த்தை சொன்னார்? சாட்சி யார்?
அவ்வளவுதான்.

சாட்சியாக அண்ணன் வந்தான். தனபாலன், லோரி ஓட்டுநர்.
நெற்றியில் திருநீறு.
"நான் கரையில செருப்பப் பாத்துக்கிட்டு நின்னேன் சார்.
மூணு தடவ முக்குனாரு.
மொத தடவ பிதான்னாரு. அடுத்து குமாரன்.
மூணாவதுக்கு வாயெடுத்தாரு,
அலை வந்துச்சு.
தங்கச்சியோட அவரும் உள்ள போயிட்டாரு.
எந்திரிச்சப்ப ரெண்டு பேருக்கும் இருமல்.
நான் சிரிச்சேன். ஒரு அக்கா முதுகுல வெச்சாங்க."

மூன்றாமவர் கடவுளா, கடவுளின் ஊழியரா என்று
நான்காம் நூற்றாண்டு தொண்டை கட்டக் கத்தியது.
எங்கள் அலை விவாதத்துக்கே வரவில்லை.
பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"கேட்டுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?"
படியிறங்கும்போது அவள் அழுதாள்.
"சாமி விஷயமாச்சே," என்றான்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வாசகம் இருக்கிறது.
'நீ இன்னும் பெறாதிருந்தால்' என்று தொடங்கும்.
அத்தனை ஆயர்களின் கூச்சலும்
வடிந்து வடிந்து
ஓர் 'ஆல்' விகுதியாக நிற்கிறது.

வியாழன் மாலை, பூட்டப்போகும் கோவில்.
ஓடிக்கொண்டிருந்தது ஒரே மின்விசிறி.
பங்குத்தந்தை தாழ்ந்த குரலில்தான் சொன்னார்,
ஆனால் மூன்றாவது பெயருக்கு முன்
கொஞ்சம் நிறுத்தினார்.
வெளியே லோரி ஒன்று கடந்து போகும்வரை.
பிறகு சொன்னார்.

தண்ணீர் கன்னத்து அச்சின் மேல் வழிந்தது.
அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள்.
யாரும் சொல்லாமலே
அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில்
நின்றுகொண்டிருந்தான் தனபாலன்.
இந்த முறை சிரிக்கவில்லை.
அவள்தான் சிரித்தாள்.

ஏழாவது கட்டத்தில் பங்குத்தந்தையின் பெயரை எழுதினேன்.
தேதி, வியாழன்.
ஓரத்தில் பென்சிலால்,
எந்த விதியும் கேட்காத ஒரு வரி:
தஞ்சோங் பூங்கா, கடல் ஏறும் நேரம்.